திருக்கோயிலும் நிலப்படமும்

‘கோயில்’ என்னும் சொல்லை அடைமொழியின்றிக் கூறினால், வைணவர்க்கு அது திருவரங்கத்தையே குறிக்கும். அச்சொல் ஓரிடத்தில் கருவறை அமைந்த கட்டடத்தையும், மற்றோரிடத்தில் மதில் சூழ்ந்த வளாகம் முழுவதையும் உணர்த்தும். பேச்சில் இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம். நிலப்படத்திலோ அவ்வாறு கொள்ளுதல் இயலாது. அங்கே வரையப்படும் ஒவ்வொன்றும் இன்னது என்று தெளிவாகக் கூறப்படல் வேண்டும்.

2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொது நிலப்படத்தைத் தொடங்கினார். எந்நாட்டவரும் தாம் அறிந்த தெருவையும் குளத்தையும் கோயிலையும் அதில் வரையலாம். பிறர் வரைந்ததில் பிழை காணின் திருத்தலாம். வரைந்த உருவம் இன்னதெனக் கணிப்பொறிக்கு உணர்த்துவன குறிச்சொற்கள் ஆகும். ஒவ்வொரு குறிச்சொல்லும் பண்பின் பெயர், அதன் மதிப்பு என இரு பகுதிகளை உடையது. ‘சமயம்’ என்பது பண்பாயின், இந்து, இசுலாம், கிறித்தவம் என்பன மதிப்புகளாம்.

வழிபாட்டிடத்தைக் குறிப்போர் மூன்றினைப் பிரித்தறிதல் வேண்டும். கட்டடம் ஒன்று, அங்கு நிகழும் வழிபாடு மற்றொன்று, சமயப் பணிக்கென அமைந்த நிலப்பரப்பு மூன்றாவது. இங்கிலாந்தில் பழைய தேவாலயங்கள் சில இன்று குடியிருப்புகளாக மாறியுள்ளன. அவற்றிற்குத் தேவாலயம் என்னும் கட்டடக் குறி நிற்கும். வழிபாட்டுக் குறி நீங்கும். தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்திற்கு ஒரு குறியும், தனியே அமைந்த இடுகாட்டிற்கு வேறொரு குறியும் உண்டு.

இப்பகுப்பின் பயனைத் திருவரங்கத்தில் நன்கு காணலாம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே உள்ள அவ்வூரில், கோயிலை ஏழு மதில்கள் சூழ்ந்துள்ளன. உள்ளே உள்ள நான்கு சுற்றுகளில் சன்னிதிகளும் ஆயிரங்கால் மண்டபமும் சந்திர புட்கரணியும் விளங்குகின்றன. வெளிச்சுற்றுகளிலோ சித்திரை வீதி, உத்திர வீதி முதலிய தெருக்கள் உள்ளன, அங்கே மக்கள் வாழ்கின்றனர், வாணிகம் செய்கின்றனர்.

ஒருவர் பத்தி மிகுதியால் ஏழாம் மதில்வரை கோயில் நிலம் என்று குறித்துவிட்டால், அம்மக்களின் இல்லங்கள் யாவும் படத்தில் கோயில் நிலமாகிவிடும். வெள்ளக் காலத்தில் மக்கள் வாழும் பகுதிகளைப் படம்கொண்டு கணிப்போர், அங்கே குடியிருப்பு இல்லையென மயங்கவும் கூடும். மற்றொருவர் கருவறையில் ஒரு புள்ளி மட்டும் இட்டு அமைந்தால் அதுவும் பிழையே. வழிகாட்டும் கருவி அப்புள்ளிக்கு அருகான தெருவில் கொண்டுபோய் விடும். அங்கே மதில் இருக்குமேயன்றி வாயில் இராது. தொலைவிலிருந்து வந்த முதியோர் வெயிலில் மதிலைச் சுற்றி நடக்க நேரும்.

ஆகவே, நான்காம் மதிலை வளாகத்தின் எல்லையாகக் கொண்டு, கோயிலின் பெயரையும் வழிபாட்டுக் குறியையும் ஒருமுறையே இடுதல் தகும். உள்ளே உள்ள மண்டபங்களைத் தனித்தனிக் கட்டடங்களாகவும், புட்கரணியை நீர்நிலையாகவும், வாயில்களை வாயில்களாகவும் வரைதல் வேண்டும். வெளிமதில்களை மதில்களாகவே காட்டலாம். 1987-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தெற்கு இராசகோபுரத்தைத் தனிக் கட்டடமாகவும், அதன் கீழ்ச் செல்லும் தெருவைத் தெருவாகவும் குறிக்கலாம்.

நேரில் கண்டதையே குறித்தல் இப்பணியின் தலையாய நெறி. உரிமையுடைய பிற படங்களைப் பார்த்து எழுதுதல் ஆகாது. நிலத்தின் உடைமை பற்றிய வழக்கைத் தீர்ப்பதும் இப்படத்தின் வேலை அன்று. தன் சமயத்தின் இடத்தைப் பெருக்கியும் பிறர் சமயத்தின் இடத்தைச் சுருக்கியும் வரைபவர், படத்தை நம்பி வழிநடப்போரை ஏமாற்றுபவர் ஆவர். உள்ளதை உள்ளவாறு காட்டுதலே வழிபாட்டிடத்திற்கும் அதனை நாடி வருவோர்க்கும் செய்யும் நற்றொண்டாகும்.