கரிசல் காகிதங்கள் – 14: இருவரும் ஒருவரே

1923-ல் விருதுபட்டி விருதுநகர் ஆன கதையைப் போன வாரம் சொன்னேன். ஊருக்குப் பேர் மாறினால் பலகையை மாற்றி எழுதிவிடலாம். ஆளுக்கு மாறினால்தான் பாடு.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் இருபது வருஷமாகச் சரவெடி பின்னுகிற அக்கா ஒருவர், பி.எஃப். பணத்துக்குப் போட்ட மனு திரும்பிவிட்டது என்று காகிதங்களோடு வந்தார். வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் ஆலைப் பதிவேட்டில் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் வீட்டுக்காரரின் இனிஷியல், அதுவும் பெயருக்குப் பின்னால். பேங்க் புத்தகத்தில் இனிஷியலே கிடையாது. பெயரோ மாரியில் தொடங்குவது. இருக்கன்குடிக்காரி குடியிருக்கிற சீமையில் அந்தப் பெயர் தெருவுக்கு நாலு இருக்கும்.

“கல்யாணத்துக்கு முந்தி எங்கய்யா எழுத்து, பெறகு இவுக எழுத்து. ஆளு நான் ஒருத்திதான, அண்ணாச்சி?”

அலுவலகத்தில் கேட்டிருந்தது ஒரே ஒரு காகிதம்: ‘இருவரும் ஒருவரே’ என்கிற சான்று.

அந்த இரண்டு சொற்களைப் படித்ததும் எனக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பழைய காகிதங்களோடு மல்லுக்கட்டுகிற ஆராய்ச்சியாளர்கள் பாதி நாள் தேடுவது இந்தச் சான்றைத்தான். மீதி நாள் தேடுவது இதற்கு நேர் எதிரான சான்றை, ஒருவர்போலத் தெரிகிற இருவர் வேறு வேறு என்பதற்கு.

நம் மாவட்டத்துப் பழைய பதிவேடுகளில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். முதலில், காகிதம் ஓரிடத்தில் இல்லை. சிவகாசியும் விருதுபட்டியும் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. பிறகு ராமநாதபுரம். விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985-ல். இரண்டாவது, பக்கத்துக்குப் பக்கம் ‘நாடார்’. வெள்ளைக்காரர்கள் வழக்கப்படி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால் ஊரே ஒரு குடும்பமாகிவிடும். வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் நம்மவர்களுக்கு நேர்ந்ததும் அதுதான். ஐயர்கள் ஒரு வரிசை, பிள்ளைகள் ஒரு வரிசை, செட்டியார்கள் ஒரு வரிசை. ஆளைக் காட்டுகிற எழுத்து வாலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

1922-ல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறிய இருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார். இந்தத் தொழில்வட்டாரத்தின் தொடக்கமே அந்தப் பயணம்தான். பட்டத்தை மட்டும் பார்க்கிற வெளியூர்க்காரர் கூடப்பிறந்தவர்கள் என்று நினைக்கலாம். அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். முன்னால் நிற்கிற பியும் ஏயும் அதைச் சொல்லிவிடுகின்றன.

அதற்காக அந்தப் பட்டம் லேசானது என்று சொல்ல மாட்டேன். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. சட்டத் தொகுப்புகளில் அந்த வழக்கின் தலைப்பு ‘சங்கரலிங்க நாடன்’ என்றே நிற்கிறது. கடைசியில் ‘ர்’ இல்லை. மரியாதை விகுதி ஒரு மெய்யெழுத்துதான். அந்த எழுத்து இல்லாத தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்தும். பழைய பெயரை விலக்கி, அரசு ஆவணங்களில் ‘நாடார்’ என்றே எழுத உத்தரவு வந்தது 1921-ல். அடுத்த எட்டாம் வருஷம், 1929-ல், செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களையே விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். 1931-ல் அந்த மாநாடு விருதுநகருக்கே வந்தது. போராடிப் பெற்ற பட்டத்தை அதே தலைமுறையிலேயே கழற்றி வைக்கவும் ஆட்கள் முன்வந்தார்கள். இதனால் 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குப் போன ‘கே. காமராஜ் நாடார்’, பிந்தைய காகிதங்களில் ‘கு. காமராஜ்’. கே என்றாலும் கு என்றாலும் குமாரசாமிதான். உலகமறிந்த மனிதர் என்பதால் அவருக்குச் சான்று தேவைப்படவில்லை.

சான்று தேவைப்படுகிற பெரிய கூட்டம் ஒன்று நம் எழுத்து உலகத்தில் உண்டு. ஔவை என்ற பெயரில் எத்தனை பேர் பாடினார்கள் என்கிற பழைய வழக்கைத் தொட்டால் இந்த வாரம் போதாது. நூறு வருஷத்துக்கு முந்தைய சுதேசிக் காலத்துக்கு வருகிறேன். ‘சுதேசமித்திரன்’ தொடங்கியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1904-ல் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்தவர் சி. சுப்பிரமணிய பாரதி. வ.வே.சு. ஐயரின் ‘சு’வும் சுப்பிரமணியம்தான். 1908-ல் வ.உ.சி.யோடு சிறைக்குப் போன வத்தலக்குண்டுக்காரர் சுப்பிரமணிய சிவா. நாலு பேரும் எழுத்தில் வாழ்ந்தவர்கள், நாலு பேரையும் வெள்ளைக்கார அரசு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது. அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ்ப் பத்திரிகைகளை வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிவைத்த அறிக்கைகள் இன்றும் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தச் சுருக்கத்தில் ஜியோ சியோ ஓர் எழுத்து விழுந்தால் ஆளே மாறிப்போவார்.

எழுத்துப்பிழையோடு போனால் பரவாயில்லை. 1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பெரும்பாலான கட்டுரைகளுக்குக் கையெழுத்தே கிடையாது. 1908-ல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது, சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறை. பத்திரிகையின் உயிராக இருந்தவர் பாரதி. அவர் புதுச்சேரிக்குப் போய்விட்டார். நீதிமன்றக் காகிதத்தின்படி எழுதியவர் ஒருவர், நடையின்படி வேறொருவர். சீனிவாசன் என்ற அந்த மனிதரின் ஐந்து ஆண்டுகளை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

கையெழுத்தில்லாத கட்டுரை யாருடையது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, சீனி. விசுவநாதன் போன்றவர்கள் ஆயுள் முழுக்கச் செய்தது. இதழ் இதழாகப் புரட்டி, நாள் பார்த்து, காளிதாசன், ஷெல்லிதாசன், சக்திதாசன் என்ற புனைபெயர்களுக்குப் பின்னால் நிற்பவர் பாரதிதான் என்று ஆதாரத்தோடு கோப்பது. மற்றது எண்ணுவது. அமெரிக்காவில் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில் பன்னிரண்டு, ஹாமில்டனுடையதா மேடிசனுடையதா என்று வழக்கில் கிடந்தன. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் சின்னச் சின்னச் சொற்களை எண்ணினார்கள். ‘அப்பான்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் தாராளமாகப் போடுவார், மேடிசன் அபூர்வமாகத்தான் தொடுவார். 1964-ல் பன்னிரண்டும் மேடிசன் கணக்கில் சேர்ந்தன. ‘இந்தியா’வின் பெயரில்லாத கட்டுரைகளையும் நம் புள்ளியியலாளர்கள் இப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

எண்ணுகிற வழி எனக்குப் பிடிக்கும். அழகான உவமையை யாரும் பார்த்து எழுதிவிடலாம். ‘ஆனால்’ போடுகிறவரா ‘எனினும்’ போடுகிறவரா என்பது, எழுதுகிறவருக்கே தெரியாமல் கையில் ஊறிக் கிடக்கும். ஆனாலும் எண்ணிக்கை சாட்சிதான் சொல்லும். தீர்ப்புக்குக் காகிதம் வேண்டும். இரண்டு பெயரும் சேர்ந்து நிற்கிற ஒரே ஒரு தாள் கிடைத்துவிட்டால் போதும், நூறு பக்க வாதத்துக்கு அது சமம்.

சிவகாசி அந்த மாதிரித் தாள்களை லட்சக்கணக்கில் அச்சடித்த ஊர். பழைய சாமி காலண்டர் ஒன்று கிடைத்தால் படத்தின் கீழ்மூலையைப் பாருங்கள். கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜுவின் பெயரோடு, சில படங்களில் சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்திருக்கும். முகம் யார் வரைந்தது, பட்டுச்சேலையின் மடிப்பு யார் கை என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் 1976-ல் மறைந்த அந்தக் குரு, மாணவனின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் விட்டுவைத்தார். காலண்டர் போட்ட கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த இரண்டு பெயரையும் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும்.

அந்த அக்காவுக்கும் அப்படி ஒரு தாள்தான் தேவைப்பட்டது. பள்ளிக்கூடச் சான்றில் அப்பா பெயர் மட்டும். குடும்ப அட்டையில் வீட்டுக்காரர் பெயர் மட்டும். “ரெண்டு பேரும் சேந்தாப்ல இருக்கிற காயிதம் ஏதாச்சும் இருக்கா, தாயி?” என்று கேட்டேன். ரெண்டு நாள் கழித்து, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். மஞ்சள் தடவிய மூலை வெளுத்திருந்தது. இடப்பக்கம் மணமகனின் பெயர், ஊர். வலப்பக்கம், இன்னாரின் மகள் என்று அவருடைய அய்யா பெயர் முழுசாக. தேதி, கிழமை, முகூர்த்த நேரம். கீழே சிவகாசி அச்சகம் ஒன்றின் பெயர், பொடி எழுத்தில்.

மூன்று நகல் எடுத்தோம். ஒன்று வி.ஏ.ஓ.வுக்கு, ஒன்று மனுவோடு, ஒன்று அவரிடம்.

(தொடரும்)