அக்கியும் முதல் மூன்று நாளும்

"அக்கி போட்டிருக்குதுங்க, எழுதிட்டு வந்தாச் சரியாப் போயிருமுங்க." அன்னூர், அவிநாசி, பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் காதில் விழும் பேச்சு இது. குயவர் வீட்டுக்குப் போனால் காவியைக் குழைத்துக் கொப்புளங்களின்மேல் எழுதிவிடுவார். இரண்டு, மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிரும். எழுதாவிட்டாலும் அதே இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆனால் அக்கி வெறும் தோல் நோயல்ல, நரம்பு நோய்.

சின்ன வயதில் சின்னம்மை வந்து, வேப்பிலையில் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைந்திருப்பார்கள். அந்த அம்மையைத் தந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போயிருக்காது. தண்டுவடத்தை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கும் உணர்வு நரம்பு முடிச்சுகளில் புகுந்து உறங்கிக்கொண்டிருக்கும். முப்பது, நாற்பது வருடம் கழித்து வயதாலோ, ஸ்டீராய்டு மாத்திரையாலோ, புற்றுநோய் சிகிச்சையாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிகளுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல். விழித்த வைரஸ் ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டே தோலுக்கு வருவதால்தான் கொப்புளங்கள் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கம் பட்டையாக நிற்கின்றன. புதிதாகத் தொற்றியதல்ல, பழைய அம்மைதான் திரும்புகிறது என்பதை 1965-இல் தெளிவாக எடுத்துவைத்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். இங்கிலாந்தில் ஒரு சிற்றூரின் குடும்ப மருத்துவர் அவர். தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்துக் குறித்துவைத்தே அந்த முடிவுக்கு வந்தார்.

பெரும்பாலும் வலிதான் முதலில் வரும். இடது நெஞ்சில் எரிகிறது, குத்துகிறது என்று பதறிப்போய் ஈ.சி.ஜி. எடுத்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று திரும்பியவர், இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது விலாவில் சிவந்த தடிப்பைப் பார்ப்பது அடிக்கடி நடக்கிறது. தடிப்பு தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும். அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுப்பவை. அது பெருகி முடித்தபின் கொடுத்தால் பலன் குறைவு. அசைக்ளோவிர் 800 மி.கி. நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாளாவது சாப்பிட வேண்டிவரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மூன்று நாள் தாண்டிவிட்டாலும், புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

காவி எழுதுவதை நான் பழிக்கமாட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, பயப்படாதே என்று சொல்லி அனுப்பும் மனிதர் ஆறுதல்தான். போவதென்றால் மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் போங்கள். உடைந்த கொப்புளத்தில் மட்டும் மண் பட வேண்டாம்; சீழ் பிடிக்கும்.

இவ்வளவு அவசரப்படுத்துவது பின்னால் வரும் வலியை நினைத்துத்தான். அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பொருக்கு உதிர்ந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அது நீடிக்கிறது. சட்டை உரசினால் எரியும். தோளில் துண்டு போட முடியாது. மின்விசிறிக் காற்று பட்டாலே துடித்துப்போவார்கள். தோலில் வெறும் தழும்புதான் தெரியும் என்பதால் வீட்டில் இருப்பவர்களே நம்புவதில்லை. வைரஸால் புண்பட்ட நரம்பு, காரணமே இல்லாமல் வலியை மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வழக்கமான வலி மாத்திரைக்கு இது அவ்வளவாகக் கேட்காது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை வேண்டும். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தரப்படுவது என்று தெரிந்ததும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று நிறுத்திவிடுகிறார்கள். நரம்பு வலிக்கு அதைச் சிறிய அளவில் தருவது உலகமெங்கும் உள்ள வழக்கம்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் பார்வைக்கே ஆபத்து உண்டு. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கோவையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. காதில் கொப்புளம் வந்து, அதே பக்கம் வாய் கோணி, கண்ணை மூட முடியாமல் போனால் முக நரம்பு தாக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

கொப்புளத்து நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தள்ளி இருப்பது நல்லது.

அக்கியைத் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொள்ளலாம். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, விலையும் அதிகம். ஒருமுறை அக்கி வந்து ஆறியவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே இருக்கும் வலியை இந்த ஊசி குறைக்காது.