துருவா குற்றவாளி?

"சார், கால்ல ஆணி குத்திடுச்சு. ஆனா துருப்பிடிக்காத புது ஆணிதான். ஊசி போடணுமா?"

நங்கநல்லூரில் எந்த வீட்டில் மராமத்து நடந்தாலும் என்னிடம் வருகிற கேள்வி இது. பாவம் துரு, செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கிறது! ரண ஜன்னி எனும் டெட்டனஸைக் கொண்டுவரும் ஆசாமி மண்ணிலும் சாணத்திலும் தெருப் புழுதியிலும் இருக்கிறான். பெயர், கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி.

பாக்டீரியாக்களை இனம் பிரிக்க முதலில் உருவத்தைப் பார்ப்பார்கள். உருண்டையா, கோலா, சுருளா? 1872-ல் ஃபெர்டினாண்ட் கோன் என்பவர் இப்படித்தான் பிரித்தார். 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தார். ஊதா நிறத்தைப் பிடித்துக்கொண்டால் 'கிராம் பாஸிடிவ்', விட்டுவிட்டால் 'கிராம் நெகடிவ்'. அப்புறம் இரண்டு கேள்வி: காற்று வேண்டுமா? ஸ்போர் கட்டுமா?

நம்ம ஆசாமி கோல் வடிவம், கிராம் பாஸிடிவ். அதை ஆய்வுக்கூடக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காற்று ஆகாது, ஸ்போர் கட்டும் என்ற இரண்டும்தான் நமக்கு முக்கியம்.

ஸ்போர் என்றதும் விதை என்று நினைக்காதீர்கள். ஒன்று பலவாகப் பெருகும் வழியல்ல அது. காலம் சரியில்லாதபோது கிருமி தனக்குத்தானே கட்டிக்கொள்ளும் கோட்டை. உள்ளே வருஷக்கணக்கில் தூங்கும். ஸ்பிரிட்டுக்கு அசையாது, கொதிநீரையும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆஸ்பத்திரிகளில் கருவிகளை 121 டிகிரி நீராவி அழுத்தத்தில் வைப்பது இதனால்தான். ஜப்பானிய விஞ்ஞானி கிடாசாடோ 1889-ல் இந்தக் குணத்தையே பிடித்துக்கொண்டார். கலப்படமாக வளர்ந்த கிருமிகளைச் சூடாக்கினார். மற்றவை செத்தன, இது மிஞ்சியது. அப்படித்தான் முதன்முதலில் தனியாகப் பிரித்தார்.

ஆழமாகக் குத்திய காயத்தில் காற்று புகாது. ஸ்போர் விழித்துக்கொள்ள அதுதான் நல்ல இடம். ஆணி புதுசா பழசா, முள்ளா என்பதெல்லாம் அப்புறம்.

சித்த வைத்தியன் நான் சொல்கிறேன்: காயத்தில் சாணம், சாம்பல், மண் எதையும் அப்பாதீர்கள். மஞ்சள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஸ்போர் அதற்கு மசியாது. பச்சிளங்குழந்தையின் தொப்புளில் கண்டதைத் தடவி எத்தனை உயிர்கள் போயின! கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம் இவற்றால் 2015-ல் இந்தியாவில் அந்தக் கொடுமை ஒழிப்பு நிலைக்கு வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதே அதன் அர்த்தம். மண்ணில் ஸ்போர் அப்படியேதான் இருக்கிறது.

காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அழுக்குக் காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். ஏற்கெனவே ஜன்னி வந்து பிழைத்தவருக்கும் ஊசி உண்டு. இந்த விஷம் இம்மியளவிலேயே ஆளைச் சாய்த்துவிடும். அவ்வளவு கொஞ்சத்தை வைத்து உடம்பால் எதிர்ப்புச் சக்தி உண்டாக்கிக்கொள்ள முடியாது.