கையும் பொய்யும் – 11: உடைந்த கோலும் பேசாத கரடியும்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு காதுகுத்து வீடு. ஆசாரி வேலையை முடித்துவிட்டார். மாமன் மடியிலிருந்து இறங்கிய குழந்தை அழுது ஓய்ந்துவிட்டது. பந்தி போட இன்னும் அரை மணி இருந்தது. "நம்ம தம்பி மேஜிக் பண்ணுவான்" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். புதிதாக வாங்கிய மந்திரக்கோல் ஒன்று பையில் இருந்தது. கறுப்புக் கோல், இரண்டு நுனியும் வெள்ளை. முன்னால் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பெண்பிள்ளையை எழுப்பி, "இந்தா, நீ மந்திரம் போடு" என்று கையில் கொடுத்தேன். கொடுத்த மாத்திரத்தில் கோல் துண்டு துண்டாகத் தொங்கியது.

இந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கையில் தொங்குவதைப் பார்த்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. காது குத்திய குழந்தையைவிடப் பெரிய குரலில் அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னாலிருந்து ஒரு ஆச்சி கேட்டார்: "ஒடஞ்சதக் குடுத்துட்டு பிள்ளைய ஏம்ல அழ வைக்க?"

ஆச்சி கேட்டது தொழில்முறைக் கேள்வி என்று எனக்குப் புரிய வெகு நாளாயிற்று.

அந்தக் கோலில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. சின்னச் சின்னக் குழாய்த் துண்டுகள், உள்ளே ஒரு கயிறு. கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும்வரை அது கோல், விட்டால் தோரணம். உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு வித்தை காட்டுகிறவர்கள் பையில் இது இருக்கும். சூட்சுமமெல்லாம் யார் கையில் அது உடைய வேண்டும் என்பதில்தான். என் கையில் உடைந்திருந்தால் அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவள் கையில் உடைந்ததால் அது குற்றம் ஆகிவிட்டது. 'பெரியவர் ஒருவர் தன் பொருளை நம்பிக் கொடுத்தார், நான் உடைத்துவிட்டேன்.' ஐந்து வயசுக்கு இதைவிடப் பெரிய பழி உண்டா? எட்டு வயதுப் பையனிடம் கொடுத்துப் பாருங்கள். "அங்கிள், இது முன்னாடியே உடைஞ்சது" என்று முகத்துக்கு நேரே சொல்வான். கோல் அதேதான், மூன்று வருஷம் போனதும் அதுவே வேறு பொருள்.

சென்ற வாரம் பார்த்த டாமி கூப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் துருக்கித் தொப்பி போட்ட அந்த நெட்டை மனிதர் வித்தையைச் சொதப்பச் சொதப்பப் பெரியவர்கள் சிரித்தார்கள். 1984 ஏப்ரல் 15 அன்று தொலைக்காட்சி நேரலையில் மேடையிலேயே சரிந்தபோதுகூட, அதையும் வேடிக்கை என்றெண்ணிச் சிரித்தார்கள் என்று சொல்லியிருந்தேன். குழந்தைகள் அப்படியில்லை. சொதப்பினால் வெறுமனே சிரித்துவிட்டு விடமாட்டார்கள், திருத்த வருவார்கள். எழுந்து நின்று கத்துவார்கள். "அங்க இல்ல, பின்னாடி பாருங்க!" இந்தக் கத்தலை வரவழைக்கத்தான் குழந்தைகள் நிகழ்ச்சிக்கான சாமான்கள் அத்தனையும் செய்யப்பட்டிருக்கின்றன.

அதில் எனக்குப் பிடித்தது முயல் ஜோடி. மரத்தட்டையில் வெட்டிய இரண்டு முயல்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. ஆளுக்கொரு மூடி. மூடித் திறந்தால் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை, வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு. இரண்டாம் தடவை செய்யும்போதே எவனாவது ஒருவன் கண்டுபிடித்துவிடுவான்: முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் வெள்ளை, இந்த ஆள் மூடியோடு சேர்த்துத் திருப்புகிறான்! "திருப்பு! திருப்பு!" என்று கூடம் அதிரும். வித்தைக்காரனுக்கு மட்டும் காது கேட்காது. "என்ன, என்னைத் திரும்பச் சொல்றீங்களா?" என்று தானே ஒரு சுற்றுச் சுற்றி நிற்பான். முயலை எடுத்துத் தலைகீழாகப் பிடிப்பான். மேஜையைத் திருப்பப் போவான். பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை கத்திய பிறகு, வேறு வழியில்லாமல் இரண்டு முயலையும் திருப்பினால், ஒன்றின் முதுகு மஞ்சள், இன்னொன்றின் முதுகு சிவப்பு.

பகடைப் பெட்டியும் இதே இனம். இரண்டு அறை, இரண்டு கதவு. பெட்டியைச் சாய்த்தால் உள்ளே பகடை உருளும் சத்தம். "அந்தக் கதவையும் சேர்த்துத் திற!" என்பார்கள். கடைசியில் இரண்டு அறையும் காலி, பகடை தொப்பிக்குள்ளிருந்து வரும்.

நியூயார்க்கில் 'சில்லி பில்லி' என்ற பெயரில் பிறந்தநாள் வீடுகளில் நிகழ்ச்சி நடத்திப் பேர்பெற்ற டேவிட் கே, குழந்தைகளைச் சிரிக்க வைப்பது எப்படி என்பதற்கென்றே 2005-ல் ஒரு புத்தகம் எழுதினார். 'சீரியஸ்லி சில்லி' என்று பெயர். என்னைப் போன்றவர்கள் அதைக் காதுகுத்துக்குப் பின்னால் படித்ததுதான் தவறு. இந்த வித்தைகளில் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கூடத்திலேயே பெரிய ஆள், மைக் பிடித்திருக்கிற ஆள், அவனுக்கு மட்டும் கண் தெரியவில்லை, மூன்றடிப் பிள்ளைக்குத் தெரிகிறது. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாள் முழுக்கத் திருத்தப்படுகிற ஒருத்திக்கு ஒருவனைத் திருத்தும் அதிகாரம் அரை மணி நேரம் கிடைக்கிறது. முயல் கடைசியில் மஞ்சளாகிப் பிள்ளைகளை ஏமாற்றுகிறதே, அது மட்டும் சரியா என்று சிலர் கேட்கிறார்கள். சரிதான் என்பது என் கட்சி. அங்கே தோற்பது பிள்ளையின் ஊகம். நல்ல ஊகம்தான், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கோலில் தோற்பதோ பிள்ளை.

அதிகாரத்தை இன்னும் ஒரு படி இறக்கி, பிள்ளையைவிடச் சின்ன ஒன்றின் கையில் கொடுத்தால் என்ன? அப்படிக் கொடுத்தவர் ஹாரி கார்பெட்.

1918-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். பொறியாளர் உத்தியோகம். பொழுதுபோக்குக்குப் பியானோ, வித்தை. 1948-ல் குடும்பத்தோடு பிளாக்பூல் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனார். அங்கே வடக்குத் துறைமேடைக் கடையில் கையில் மாட்டும் ஒரு மஞ்சள் கரடிப் பொம்மையைக் கண்டு, ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் கொடுத்து வாங்கினார். மகனுக்கு விளையாட்டுக் காட்டத்தான். பிறகு அது அவருடைய வித்தை நிகழ்ச்சிக்குள் நுழைந்தது. 1952-ல் பி.பி.சி. தொலைக்காட்சிக்குப் போனது. கறுப்பு வெள்ளைத் திரையில் மஞ்சள் கரடி எடுபடவில்லை. காதிலும் மூக்கிலும் புகைக்கரியைப் பூசினார். கரி ஒட்டிய கரடிக்கு 'சூட்டி' என்று பெயர் வந்தது. கரியன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

சூட்டி பேசாது. இதுதான் கார்பெட் செய்த பெரிய காரியம். கார்பெட்டின் காதில் ஏதோ கிசுகிசுக்கும். "என்ன சொல்றே? என் தலையில தண்ணி ஊத்தப் போறியா?" என்று அவர்தான் திருப்பிச் சொல்வார். பிள்ளைகளுக்குக் கரடியின் குரல் கேட்காது. கேட்காததால் காது கூர்மையாகும். அவர் வாய் திறப்பதற்குள் கரடி என்ன சொல்லியிருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள். கரடி ஒரு குட்டி மந்திரக்கோலை வைத்துக்கொண்டு வித்தை செய்யும். கார்பெட் முகத்தில் தண்ணீர் பீய்ச்சும், சுத்தியலால் தட்டும், மாவைக் கொட்டும். கோட்டும் டையும் போட்ட மனிதர் பொறுமையாக எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். ஆட்டுவிப்பது அவருடைய கைதான். வலது கை செய்யும் அட்டூழியத்துக்கு முகம் வருத்தப்படுகிறது! இத்தனைக்கும் அந்தக் கைக்கு வேண்டியது மூன்று விரல்தான். ஆட்காட்டி விரல் தலைக்கு, கட்டை விரலும் நடுவிரலும் கரடியின் கைகளுக்கு.

1957-ல் 'ஸ்வீப்' என்ற நாய் சேர்ந்தது. அது பேசும், ஆனால் கீச்சு கீச்சென்று சத்தம் மட்டும்தான். சாக்சபோன் வாத்தியத்தின் சீவாளி போன்ற ஒன்றை வாயில் வைத்து அந்தக் குரல் கொடுத்தார்கள். ராஜஸ்தானின் கட்புத்லிப் பொம்மலாட்டக்காரர்களும் மூங்கிலும் தோலும் சேர்த்த சின்ன ஊதலை வாயில் அடக்கித்தான் பொம்மைக்குக் குரல் கொடுக்கிறார்கள். அதற்கு 'போலி' என்றே பெயர். இந்தியில் பேச்சு என்று அர்த்தம், தமிழில் வேறு அர்த்தம், இரண்டுமே பொருந்துகிறது. 1964-ல் 'சூ' என்ற பெண் பாண்டா வந்தபோது பி.பி.சி. நெளிந்தது. குழந்தைகள் நிகழ்ச்சியில் ஆணும் பெண்ணுமா? சூட்டியும் சூவும் தொட்டுக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள். இரண்டும் கைக்குட்டை அளவுத் துணி!

கார்பெட்டின் பெயர் அவ்வளவு பிரபலமாகிப்போனதால், அதே பெயர் கொண்ட இன்னொரு நடிகர் குழப்பம் வராமலிருக்க நடுவில் 'எச்' என்ற எழுத்தைச் செருகிக்கொண்டார். 1975 கிறிஸ்துமஸ் சமயத்தில் கரடிக்காரக் கார்பெட்டுக்கு மாரடைப்பு வந்தது. மறு வருஷம் மகன் மேத்யூ கரடிக்குள் கையை விட்டார். அவர் 1998-ல் ஓய்வுபெற, ரிச்சர்ட் காடெல் வந்தார். அவரும் வித்தைக்காரர்தான். மனிதர்கள் மாறினார்கள், கரடி மாறவில்லை, இன்னமும் பேசவும் இல்லை.

பேசாத பொம்மையில் ஒரு பெரிய லாபம் உண்டு. வாய் அசையாமல் பேசும் வித்தையைக் கற்க வேண்டியதில்லை. கற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் கஷ்டம். உதடு ஒட்டினால்தான் பிறக்கும் ப-வும் ம-வும் எதிரிகள். நாக்கைப் பல்லின் பின்னால் வைத்து ப-வுக்குத் த-வையும் ம-வுக்கு ந-வையும் கள்ளத்தனமாக ஓட்ட வேண்டும். நம் பொம்மைக்குச் சோதனை என்னவென்றால், தமிழ்ப் பிள்ளை முதலில் கற்கும் அம்மா, அப்பா இரண்டுமே உதடு ஒட்டும் சொற்கள். இதற்குத் தமிழிலேயே மருந்தும் இருக்கிறது. துறைமங்கலம் சிவப்பிரகாசர், உதடு ஒட்டாமலும் குவியாமலும் சொல்லக்கூடிய எழுத்துகளை மட்டும் கொண்டு திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். முருகன் மேல் பாடியதை நான் பொம்மைக்குப் பயிற்சிப் பாடமாகச் சிபாரிசு செய்வதற்குப் புலவர்கள் மன்னிக்க வேண்டும். 1977-ல் வந்த பாலசந்தரின் 'அவர்கள்' படத்தில் கமல்ஹாசன் கையில் 'ஜூனியர்' என்ற பொம்மை பேசியதைப் பார்த்துவிட்டு, என் தலைமுறையில் எத்தனை பேர் கண்ணாடி முன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோமோ!

எனக்கு அது வரவில்லை. ஒரு ஸ்பிரிங் அணில் வாங்கினேன். வெளிநாட்டு வித்தைக் கடைகளில் இது ரக்கூன் உருவத்தில் விற்கும். ரோமத் தோலுக்குள் சுருள்கம்பி, கீழே பிடித்து ஆட்ட ஒரு விரலிடம். கம்பி இருப்பதால் கையை லேசாக அசைத்தாலே உயிர் வந்து துள்ளும். பெட்டிக்குள்ளிருந்து எகிறிக் குதிக்கும், தோளில் ஏறும், சட்டைக்குள் ஒளியும். நம் தெரு வித்தைக்காரர்கள் கூட்டம் சேர்க்க ஒரு மூட்டையைக் காட்டி, "இப்ப பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போறேன்" என்று தாயத்து விற்கும்வரை இழுப்பார்கள். கடைசிவரை கீரி வராது. அணில் வெளியே குதிக்கும்போதெல்லாம், சிறுவயதில் வெயிலில் நின்று காத்திருந்த அந்தக் கீரி இப்போதுதான் வந்ததுபோல் எனக்கு இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரே அதைக் குதிக்க விடாதீர்கள். முதலில் அது என்னைப் பயமுறுத்த வேண்டும். நான் அலறி நாற்காலியிலிருந்து விழுந்தால், பயந்த பிள்ளையும் சிரிக்கும். பிறகு அந்தப் பிள்ளையே வந்து அணிலைத் தடவிக் கொடுக்கும்.

இதையெல்லாம் இங்கிலாந்துக்காரரிடமும் அமெரிக்கரிடமும் போய்க் கற்க வேண்டுமா என்று கேட்கலாம். கன்னியாகுமரிப் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். விளக்கின் முன்னால் ராமாயணம் நடக்கும். ராமர் ராமராக இருப்பார், சீதை சீதையாக இருப்பார். நடுவில் இந்த இரண்டு கோமாளிகளும் புகுந்து, அடித்துக்கொண்டு, உளறிக்கொண்டு, ஊர்க் கதையை இழுத்துவிட்டுப் போவார்கள். தூங்கி விழும் பிள்ளைகள் விழிப்பது அவர்கள் வரும்போதுதான். எல்லாக் குரலும் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரே மனிதருடையது. கார்பெட்டுக்குக் கரடி கொடுத்த சுதந்திரத்தை அவருக்கு உச்சிக்குடும்பன் கொடுத்தான். தன் வாயால் சொல்ல முடியாததைத் தோலின் வாயால் சொன்னார்.

காதுகுத்து நடந்த அதே வீட்டில், பல வருஷம் கழித்து ஒரு கல்யாணம். அன்று அழுத பிள்ளையின் அண்ணனுக்கு. முதல்நாள் இரவு மண்டபத்தில் பிள்ளைகளைச் சமாளிக்க மறுபடியும் என்னைத் தள்ளிவிட்டார்கள். இந்த முறை கோல் இல்லை, உடையும் விசிறி. அதன் மட்டைகளை நாடாவால் பிணைத்திருக்கும் விதம் அப்படி. ஒரு பக்கமாக விரித்தால் ஒழுங்கான விசிறி, எதிர்ப்பக்கமாக விரித்தால் மட்டைகள் தனித்தனியே தொங்கும். ஒரு பையன் விரித்தான், அழகாக விரிந்தது. நான் விரித்தேன், தொங்கியது. ஒரு சிறுமி விரித்தாள், விரிந்தது. நான் விரித்தேன், தொங்கியது. பிள்ளைகள் தரையில் புரண்டார்கள். நான்காம் முறை பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த ஆச்சிதான். இன்னும் கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. நேரே வந்து விசிறியைப் பிடுங்கினார்.

"இந்தப் பக்கமா விரிக்கணும்ல. இதுகூடத் தெரியாம என்னத்த வித்தை காட்டுத?"

சடாரென்று முழுசாக விரித்தார். கூடம் கை தட்டியது. விசிறிக்கொண்டே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தவர், அதன் பிறகு விசிறியைத் திருப்பித் தரவில்லை. மண்டபத்தில் கரண்ட் வேறு போயிருந்தது.

(தொடரும்)