ஆடிக் கூழும் நோன்புக் கஞ்சியும்

ஆடி மாதம் பிறந்துவிட்டது என்பதை யாழ்ப்பாணத்தில் நாட்காட்டி பார்த்து அறிய வேண்டியதில்லை. சோளகக் காற்று பனை ஓலைகளைப் போட்டு அடிக்கிற சத்தமே சொல்லிவிடும். இரவில் எங்கோ ஒரு வளவில் பனம்பழம் ‘தொப்’பென்று விழும். விடிவதற்கு முன் பொறுக்கப் போகிறவனுக்குத்தான் பழம்! உம்மா அதைப் பிசைந்து, களி எடுத்து, மாவும் சீனியும் சேர்த்துப் பணியாரம் சுடுவார். மிஞ்சிய களி பாயில் காய்ந்து பினாட்டு ஆகும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் முடிந்து பனம்பழம் தொடங்கும் அந்தப் பருவம்தான், சகோதரிகளே, எங்கள் ஊரின் கோடைத் திருவிழாக் காலம்.

எங்கள் ஊர் என்றால் சோனகத்தெரு. யாழ்ப்பாண நகரில் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி. பள்ளிவாசல்கள், ஒஸ்மானியா கல்லூரி, கதீஜா மகளிர் கல்லூரி, ஜின்னா மைதானம் எல்லாம் நடந்து போகும் தூரத்திலேயே இருந்தன. கோயில் திருவிழாவைப் பற்றி முஸ்லிம் பெண் ஒருத்தி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கோயிலுக்குள் போனதில்லை. கோயில் வீதிக்குப் போனோம். அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கள் வாப்பாவுக்கும் தெரியும், அயலவர்களுக்கும் தெரியும். அதனால் யாரும் யாரையும் சங்கடப்படுத்தியதில்லை.

அந்தக் குடாநாட்டில் கோடை தொடங்கினால் விழாக்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். ஜூன் 13இல் பாசையூர் அந்தோனியார் கோயில் பெருநாள். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. குறிகட்டுவானிலிருந்து வள்ளங்கள் நிறைந்து போகும். ஜூலை நடுவில் ஆடிப்பிறப்பு. ஆடி அமாவாசையோடு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழா முடிந்து கீரிமலையில் தீர்த்தம். அது முடிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறும்.

ஆடிப்பிறப்பைப் பற்றி நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிய பாட்டைப் பள்ளிக்கூடத்தில் நாங்களும் பாடமாக்கினோம். பாட்டு வாயில் இருக்க, கூழ் பக்கத்து வீட்டிலிருந்து வரும். எங்கள் வேலிக்கு அப்பால் ஓர் ஆசிரியை இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘டீச்சர் அக்கா’. அவர் கூழ் காய்ச்சுவதை வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தே உம்மா கற்றுக்கொண்டார். பச்சையரிசியை ஊறவைத்து இடித்து மாவாக்க வேண்டும். அதில் ஒரு பங்கைப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். வறுத்துக் கோது நீக்கிய பயறு அவியும்போது உருண்டைகளைப் போட்டு, மீதி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து ஊற்றி, பனங்கட்டியும், பல்லுப் பல்லாகச் சீவிய தேங்காய்ச் சொட்டும் சேர்ப்பார். கடைசியாகக் கொஞ்சம் மிளகும் சீரகமும், ஏலக்காயும். கைவிடாமல் துழாவ வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். பலா இலையைக் கோலிக் குடித்தால்தான் அதன் ருசி தெரியும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தார்கள். இப்போதைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல் எழும்பியது என்பார்கள். அதை எழுப்பிய மாப்பாண முதலியார் பரம்பரையே இன்றும் நிர்வகிக்கிறது. அந்தக் கோயிலடியில் முன்பு முஸ்லிம்கள் குடியிருந்தார்கள் என்றும், பெரியார் ஒருவரின் அடக்கத்தலம் அங்கே இருந்தது என்றும் எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அர்ச்சனைக்கு ஒரு ரூபாய் என்பதும், குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடமும் பிந்தாமல் சுவாமி வெளியே வருவார் என்பதும் அந்தக் கோயிலின் பேர்போன வழக்கங்கள். அந்த நாட்களில் வீதிகளில் வாகனம் போகாது. மணல் பரப்பியிருக்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருப்பார்கள்.

சிறுமிகளான எங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்! எங்களுக்கு வேண்டியது காப்புக்கடை, அம்மம்மாக் குழல், தும்புமுட்டாசு, ஐஸ்பழம், சுடச்சுட உப்புக் கச்சான். தண்ணீர்ப் பந்தலில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் இலவசம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் வார்ப்பார்கள். சோனகத்தெருவிலிருந்து சைக்கிளில் போனால் அரைமணி நேரம் ஆகாது. வாப்பா முன்பக்கம் தம்பியையும் பின்பக்கம் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்.

வேடிக்கை மட்டுமல்ல, பிழைப்பும் அதில் இருந்தது. எங்கள் தெருத் தையற்காரர்களுக்குத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே இரவு பகல் ஓயாத வேலை. பெரியகடையில் புடவை, வளையல் வியாபாரம் செய்தவர்களுக்கும் அதுதான் அறுவடை. இறைச்சிக் கடைக்காரருக்கு மட்டும் பஞ்சம்! சைவக் குடும்பங்கள் 25 நாளும் மச்சம் தொடாது. “முருகன் எனக்கு ஒரு மாசம் லீவு தந்திட்டார்” என்று எங்கள் மாமா ஒருவர் கடைவாசலில் உட்கார்ந்து சிரிப்பார்.

இனிச் சொல்லப்போவது பிறைக் கணக்கு. நமது ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள், சில ஆண்டில் 355. சூரிய ஆண்டை விடப் பதினொரு நாள் குறைவு. அதனால்தான் ரமழான் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. நல்லூர்த் திருவிழாவோ ஆடி அமாவாசை கழிந்து தொடங்கி ஆவணி அமாவாசையில் முடிவது. ஆக, அது முழுவதும் ஒரே பிறை மாதத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பிறை மாதமே ரமழானாக அமைந்துவிட்டால்? 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளும் அப்படி அமைந்தன. கொடி ஏறும்போது எங்களுக்கு நோன்பு தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருக்கும். தீர்த்தம் முடிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ பெருநாள் பிறை!

1979இல் எனக்குப் பதினொரு வயது. முழு நோன்பு பிடித்த முதல் ஆண்டு அது. மாலையில் உம்மா கஞ்சி காய்ச்சுவார். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், இறைச்சித் துண்டு. ஆனால் டீச்சர் அக்காவுக்கு அனுப்பும் கஞ்சிக்கென்று புதுச் சட்டி ஒன்று வாங்கி, இறைச்சி படாத அகப்பையும் வைத்திருந்தார். டீச்சர் அக்கா விரதம் முடித்துச் சாப்பிடும் நேரத்துக்கு அது போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு மஃரிபுக்கு முன் அங்கிருந்து மோதகமோ வடையோ வரும். “உங்கட பிள்ளை பசியில இருக்கும், பாங்கு சொன்ன உடன குடுங்கோ” என்று அவர் சொல்வார். படையலுக்கு வைத்ததை அவர் ஒருநாளும் எங்களுக்குத் தந்ததில்லை. அதற்குமுன் எங்களுக்கென்று வேறாக எடுத்துவைத்துவிடுவார். உம்மா கேட்டதில்லை, அவராகவே அறிந்து செய்தது. தீர்த்தத் திருவிழா அன்று வேலியில் வந்து நின்று, “எங்கட தீர்த்தம் முடிஞ்சுது, இனி உங்கட பிறைதான்” என்றார். அந்த ஆண்டுப் பெருநாளுக்கு நான் போட்டிருந்த காப்பு நல்லூர் வீதியில் வாங்கியது.

அந்த வாழ்க்கை 1990 ஒக்டோபர் 30ஆம் திகதியோடு முடிந்தது. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணிநேரத்தில் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். டீச்சர் அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். பேச அவருக்கும் பயம், எங்களுக்கும் பயம். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் முதல் நோன்பு வந்தபோது, உம்மா பழக்கதோஷத்தில் கஞ்சியில் ஒரு பங்கை இறைச்சி போடாமல் எடுத்துவைத்துவிட்டார். பிறகு அதை எங்களுக்கே ஊற்றினார்.

சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத் தமிழர்களே இலட்சக்கணக்கில் ஓரிரவில் ஊரைவிட்டு நடந்தார்கள். இராணுவம் நகரை நெருங்கிய நாட்கள் அவை. மாவிட்டபுரமும் கீரிமலையும் பல்லாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. தேதி ஒன்றாக அமைந்ததை வைத்து, ‘பார்த்தீர்களா’ என்று சிலர் முகாமில் பேசினார்கள். உம்மாவுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. “பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ராவில நடக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும்” என்று எழுந்து போய்விட்டார்.

விழாவும் வெளியேற்றமும் ஒன்றாக நினைவுக்கு வரும்போது, வாசித்து அறிந்த ஓர் இத்தாலிய ஊரும் கூடவே வருகிறது. இத்தாலியின் சிற்றூர்கள் கோடை விழாக்களுக்குப் பேர்போனவை. சியெனாவில் ஜூலை 2இலும் ஓகஸ்ட் 16இலும் ஊர்ச் சதுக்கத்திலேயே குதிரை ஓட்டுவார்கள். பேட்டைக்குப் பேட்டை தனிக்கொடி, தனிப் பெருமை. ஓகஸ்ட் 15 நாடு முழுவதற்கும் விடுமுறை. நான் சொல்ல வந்தது தெற்கேயுள்ள லூச்சேரா என்ற ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடரிக் மன்னன் சிசிலித் தீவின் முஸ்லிம்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் அது. 1300 ஓகஸ்டில் இரண்டாம் சார்ல்ஸ் மன்னனின் படை அந்த ஊரை அழித்தது. மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஊருக்கு மரியாளின் பெயர் சூட்டினார்கள். இன்றும் அங்கே ஓகஸ்ட் நடுவில்தான் காவல் மாதாவின் பெருவிழா. தெருவெல்லாம் விளக்கு, வாணவேடிக்கை, தின்பண்டக் கடை. அந்த முஸ்லிம்களின் பேரப்பிள்ளை என்று வந்து பார்க்க ஒருவருமில்லை.

எங்களுக்கு அந்த நிலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். 2002 போர்நிறுத்தத்தின்போது சிலர் போய்ப் பார்த்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் பாதை திறந்தது. முப்பத்து மூன்று ஆண்டுச் சுற்று முடிந்து 2010, 2011, 2012இல் ரமழானும் நல்லூரும் மறுபடி ஒரே பிறைக்குள் வந்தன. 2012இல் ஜூலை 24 கொடியேற்றம், ஓகஸ்ட் 17 தீர்த்தம். 25 நாளும் நோன்புக்குள். அந்த நோன்பின் கடைசிப் பத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். புத்தளத்தில் பிறந்தவள் அவள். அப்போது அவளுக்கு இருபது வயது.

வீட்டுக்குக் கூரை இல்லை. குசினிக்குள் ஒரு வேப்பமரம் சுவர் மட்டத்துக்கு வளர்ந்து நின்றது. டீச்சர் அக்காவின் வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பமே கனடாவில் என்றார்கள். பள்ளிவாசலில் இஃப்தாருக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வியாபாரத்துக்காகத் தனியே வந்து தங்கியவர்கள். பெண்களும் பிள்ளைகளும் புத்தளத்தில். பிள்ளைகளின் படிப்பு, மருமகன்களின் தொழில், திருத்தப் பணம் இல்லாத வீடு… ஒரு குடும்பம் திரும்பி வருவதென்றால் சும்மாவா?

நோன்பு திறந்தபின் நல்லூர் வீதிக்குப் போனோம். வெளிநாட்டிலிருந்து வந்த சனம், தெற்கிலிருந்து வந்த சிங்களச் சனம் என்று கால்வைக்க இடமில்லை. ஒரு காப்புக்கடையில் நின்றவர் நம்மவர். எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னதும் வாப்பாவின் பெயரைச் சொன்னார். மகள் அதிகம் பேசவில்லை. திரும்பும்போது, “உம்மா, இது உங்கட ஊர். எனக்குப் பார்க்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா இருக்கச் சொன்னா எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாதே” என்றாள். அவள்மேல் கோபம் வந்தது. இரவு படுத்தபின் அந்தக் கோபம் நியாயமில்லை என்றும் பட்டது.

அந்த வளவை விலைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டது. தம்பிமார் விற்றுவிடலாம் என்கிறார்கள். பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டும். ரமழானும் நல்லூரும் இனி ஒன்றாக வருவது 2040களின் முற்பகுதியில்தான். அதற்கு நான் இருப்பேனா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். கையெழுத்து இன்னும் போடவில்லை.

போன ஆடி முதலாம் நாள் காலையில் மகள் தொலைபேசி எடுத்தாள். யாழ்ப்பாணம் போய்வந்த யாரோ பனங்கட்டிக் குட்டான் ஒன்று கொடுத்தார்களாம், பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சிப் பார்க்கப் போகிறாளாம். மாவு எவ்வளவு, பால் எவ்வளவு என்று கேட்டாள். அளவு எனக்கும் தெரியாது, கண் பார்வைதான். முதல்பாலைக் கடைசியில் ஊற்று, அகப்பையைக் கைவிடாதே என்று சொல்லி, அவள் துழாவி முடிக்கும்வரை தொலைபேசியை வைக்காமல் இருந்தேன்.