கிரிக் – ஜெலி சாலையில் குறுக்கே வருவது யார்?

கடந்த தீபாவளி விடுமுறைக்கு ஜெலியிலிருந்து ஈப்போவுக்கு, மூத்த மாணவர் ஒருவரின் காரில் நான்கு பேர் கிளம்பினோம். கடைசி வகுப்பு முடிந்து, பைகளை அடைத்துப் புறப்படும்போதே இரவு எட்டு மணியாகிவிட்டது. பேராக் எல்லையைத் தாண்டி, தெமெங்கோர் ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே வந்த லாரி இரண்டு முறை விளக்கைச் சிமிட்டியது. போலீஸ் சோதனையாக இருக்கும் என்று நினைத்து அண்ணன் வேகத்தைக் குறைத்தார். அடுத்த வளைவில், சாலையோரப் புல்வெளியில் ஒரு கரிய மேடு தெரிந்தது. அந்த மேடு காதை அசைத்தது.

யானை! அதற்குச் சற்று முன்புவரை எங்கள் கார் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேகமானி என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பு எல்லாருக்கும் இருந்தது.

அன்றிரவு எங்களுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அதே சாலையில் 2025 மே 11ஆம் தேதி அதிகாலையில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. சுமார் ஐந்து வயது யானைக்குட்டி ஒன்று, கோழி ஏற்றி வந்த லாரியில் மோதுண்டு இறந்தது. லாரிக்கடியில் சிக்கிய குட்டியை விட்டு நகர மறுத்த தாய் யானை, லாரியின் மீது தலையை முட்டியபடி மணிக்கணக்காக நின்றது. அன்று அன்னையர் தினம். அந்தக் காணொளியைப் பார்த்து நாடே கண்கலங்கியது.

காட்டை இரண்டாக்கிய சாலை

கிழக்கு – மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் பேராக்கின் வடக்கிலிருந்து கிளந்தானுக்குப் போக நீண்ட தூரம் சுற்ற வேண்டியிருந்தது. இன்று என்னைப் போன்ற மாணவர்களுக்கு இந்தச் சாலை இல்லாமல் வீடு இல்லை. ஆனால் இது பெலும் – தெமெங்கோர் மழைக்காட்டின் நடுவே போடப்பட்ட சாலை. வடக்கே அரச பெலும் மாநிலப் பூங்கா, தெற்கே தெமெங்கோர் காடு. யானைகளுக்கு இரண்டும் ஒரே வீடுதான். நடுவில் நாம் தார் போட்டிருக்கிறோம்.

யானைகள் ஏன் சாலைக்கு வருகின்றன? அடர்ந்த காட்டில் வெயில் தரைக்கு எட்டுவதில்லை. சாலைக்காக மரங்களை வெட்டிய இடத்தில் வெயில் விழுகிறது. புல்லும் மூங்கிலும் இளஞ்செடிகளும் செழிக்கின்றன. யானைக்கு அது விருந்து. சாலை அதை அழைக்கவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. யானைகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டி இச்சாலையில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. சாலையால் யானைகளின் நடமாட்டம் ஏறக்குறைய 80 விழுக்காடு தடைபடுவதாகவும், அவை சாலையைக் கடப்பது பெரும்பாலும் இரவில்தான் என்றும் அது காட்டியது. பகலில் வாகனங்களுக்கு அஞ்சி ஒதுங்கும் யானை, இருட்டியதும் வருகிறது. நாமும் விடுமுறைக்கு இருட்டிய பிறகுதான் கிளம்புகிறோம்.

தெனுக் எனப்படும் தாப்பிரின் நிலை இன்னும் மோசம். அதுவும் இரவில் நடமாடும் விலங்கு. முன்பாதி கறுப்பு, நடுவில் வெள்ளை, பின்கால்கள் கறுப்பு. புலியிடமிருந்து அதை மறைத்துக் காக்கும் இந்த நிறமே, ஓட்டுநரின் கண்ணிலிருந்தும் அதை மறைத்துவிடுகிறது. ஒரு தாப்பிர் சுமார் 13 மாதம் கருவைச் சுமந்து ஒரே குட்டியைத்தான் ஈனும். யானைக்கு ஏறக்குறைய 22 மாதம். சாலையில் ஒன்றை இழந்தால், அந்த இழப்பை ஈடுகட்ட ஆண்டுகள் ஆகும்.

ஒரு சிறு கணக்கு

இது படிவம் நான்கு இயற்பியல்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கார் 37 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பிறகு முழுதாக நிற்க, காய்ந்த சாலையில் இன்னும் சுமார் 45 மீட்டர். மொத்தம் 80 மீட்டருக்கும் அதிகம். காரின் தாழ்வெளிச்சமோ சுமார் 40 முதல் 60 மீட்டர்வரைதான் எட்டும். அதாவது, விலங்கை நாம் பார்க்கும்போதே காலம் கடந்துவிட்டது. வேகம் 60ஆக இருந்தால் மொத்தம் 45 மீட்டரில் நின்றுவிடலாம். மழையில் இந்தத் தூரம் இன்னும் கூடும்.

இதில் விலங்கின் உயிர் மட்டுமே பணயம் இல்லை. யானைக்குட்டி இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஜூன் 9ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் இதே சாலையில் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தனர். அந்த விபத்துக்கும் விலங்குகளுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் இந்த மலைச்சாலை இரவில் யாரையும் மன்னிப்பதில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

மேலே நாம், கீழே அவை

தீர்வு இல்லாமல் இல்லை. பஹாங்கின் சுங்கை யூ, திரெங்கானுவின் கென்யிர், பேராக்கின் கிரிக் ஆகிய இடங்களில் விலங்குகளுக்காகவே உயர்த்திக் கட்டப்பட்ட பாலங்கள் உள்ளன. மேலே வாகனம் ஓட, கீழே விலங்குகள் நடக்கலாம். பினாங்கின் தெலுக் பஹாங்கில் 2019இல், பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு குரங்குகளுக்காக மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டினார்கள். அதற்குப் பெரிய செலவு தேவைப்படவில்லை, அக்கறைதான் தேவைப்பட்டது. ஆனால் 120 கிலோமீட்டர் சாலை முழுவதற்கும் பாலம் கட்ட முடியாது. மீதித் தூரத்துக்கு நம் வலது கால்தான் பொறுப்பு.

முடிந்தவரை பகலில் பயணம் செய்யுங்கள். மஞ்சள் நிற யானைப் பலகையைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். சாலையில் புதிய சாணம் கிடந்தால் யானை அருகில் இருக்கிறது என்று பொருள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், உயர்வெளிச்சம் பாய்ச்சாதீர்கள், படம் பிடிக்க இறங்காதீர்கள். ஒரு விலங்கு கடந்துவிட்டதும் பறக்க வேண்டாம். பின்னால் குட்டி வரலாம். பழத்தோலையும் சோற்றுப் பொட்டலத்தையும் சன்னல் வழியே எறியாதீர்கள். அவை விலங்குகளைச் சாலைக்கு வரவழைக்கும். மோதல் நடந்தால் 999ஐ அழையுங்கள். பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 எண்ணையும் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

இன்னொன்று, காரில் பயணியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு. அந்த இரவில் அண்ணன் சுமார் பத்து நிமிடம் காரை நிறுத்தி வைத்திருந்தார். யானை நிதானமாகப் புல்லைப் பிடுங்கித் தின்றுவிட்டு, சாலையைக் கடந்து இருட்டுக்குள் போனது. பிறகு ஈப்போவரை 70ஐத் தாண்டாமல் ஓட்டினார். வீட்டுக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். அம்மா திட்டினார், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு மறுபடியும் அதே காரில் கிளம்பினோம், இம்முறை காலை ஒன்பது மணிக்கு. மலை இறக்கத்தில் வேகமானி 90ஐத் தொட்டது. “அண்ணே, கொஞ்சம் மெதுவா” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தீபாவளியன்று எதிரே வந்த லாரிக்காரர் எங்களுக்காகச் செய்ததைத்தான், காருக்குள் இருந்தபடி நான் செய்தேன்.