கனிப்பொருள் தேடும் மலைப்பயணம்

‘கல்’ என்னுஞ் சொல் பழந்தமிழில் மலையையும், மலையினின்று பெயர்ந்த சிறு துண்டையும் ஒருங்கே குறிக்கும். அவ்விரு பொருளையும் இணைத்துக் காண்பதே, கனிப்பொருள் தேடி மலைக்குச் செல்லும் குழுவினர் மேற்கொள்ளும் பணியாகும். கையில் எடுத்த துண்டு சிறிது. அஃது உரைக்கும் வரலாறோ பெரிது. ஆயினும், அது எம்மலையில், எப்பாறையை ஒட்டிக் கிடந்தது என்னுங் குறிப்பு இல்லையாயின், அத்துண்டு வாய்பேசாப் பொருளாகிவிடும். ஆதலின், கல்லை எடுக்குமுன் இடத்தை எழுதுதல் வேண்டும் என்பது சேகரிப்போர்க்குரிய முதல் விதியாயிற்று. இவ்விதியின் அருமையை ஈழநாட்டுச் சான்றுகள் நன்கு விளக்குகின்றன.

கல் தேடுதற்கென்று குழுவாய்ச் செல்லும் வழக்கம் மேனாடுகளிற் சென்ற நூற்றாண்டுக்கும் முன்னரே வேரூன்றியது. இலண்டனில் 1858 ஆம் ஆண்டிலே தோன்றிய புவிச்சரிதவியலார் சங்கம், தொழின்முறை அறிஞரல்லாத ஆசிரியரையும் வணிகரையும் இளைஞரையும் பாறைகள் வெளிப்பட்டுக் கிடக்கும் இடங்களுக்கு அழைத்துச் சென்றது. நியூயோக்கு நகரத்திலே 1886 இல் குன்ஸ் என்னும் மணியறிஞரும் அவருடைய நண்பரும் ஒரு கனிப்பொருட் கழகத்தை நிறுவினர். இத்தகைய கழகத்தாரின் குறிப்பேடுகளும் சிட்டை ஒட்டிய கற்களும் பின்னாளில் அரும்பொருட்சாலைகளுக்கு ஆய்வுச் செல்வமாயின.

வீரமுனை, சம்மாந்துறை, கல்முனை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் வயலும் மணலுமாய் விரிந்து கிடப்பது. மலைக்கல்லைப் பற்றி ஆராய்தற்கு இங்கு யாதுளது என ஒருவர் வினவலாம். அதற்கு விடை அவ்வயலிலும் மணலிலுமே உளது. தமிழ்மக்கள் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயா, பதுளைக்குக் கிழக்கேயுள்ள குன்றுகளிற் பிறந்து கீழைக்கடலை நோக்கி வருகின்றது. அவ்வாறு மலையை அரைத்து வண்டலாகவும் மணலாகவும் கொணர்ந்ததே இச்சமவெளியின் வளத்துக்குக் காரணம். கடற்கரை மணலிலே கருமையான கீற்றுக்கள் படிந்திருக்கக் காண்பது உண்டு. இலேசான படிக மணிகளை அலை அள்ளிச் செல்ல, பாரமானவை பின்தங்குவதால் அவை உண்டாகின்றன. ஒரு காந்தத்தை அக்கருமணலிற் புரட்டினால் உடனே தாவி ஒட்டுவது மகனைற்று. எளிதில் ஒட்டாது எஞ்சும் கருமணிகளிற் பெரும்பாலன இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இல்மனைற்று. இடையே செந்நிறமாய் மின்னுவன காணற்று. திருக்கோயிற் கரையில் இத்தகைய கனமணல் உண்டு. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டையோ இம்மணலுக்கு உலகறிந்த இடம். எனவே, மலைக்குச் செல்ல விரும்பும் மாணவன் முதலில் தன் ஊர்க் கரையிலே ஒரு பிடி மணலை எடுத்துப் பார்ப்பது முறையாகும்.

இனி, கரையிலிருந்து மலைக்கு ஏறும் வழியை நோக்குவோம். அம்பாறை, உகணை, மகாஓயா, பதியத்தலாவை என்னும் ஊர்களைக் கடந்து மகியங்கனையை அடைந்து, பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற பாதையால் கண்டிக்கு ஏறுபவர், தம்மையறியாமலே இரு வேறு நிலக்கூறுகளைக் கடக்கின்றனர். கீழைச் சமவெளியின் அடியிற் கிடப்பது விசயன் தொகுதி எனப்படும். கருமையும் வெண்மையுமான பட்டைகள் மாறிமாறி ஓடும் நைசுப் பாறைகளும் கருங்கற் குன்றுகளும் அதற்குரியன. மலைநாட்டின் அடியிற் கிடப்பது உயர்நிலத் தொகுதி. அங்கே சலவைக்கல், படிகக்கற்பாறை, காணற்று நிறைந்த நைசு, சாணோக்கைற்று ஆகியன காணப்படும். 1980 களின் பிற்பகுதியில் நிகழ்ந்த சமதானி ஆய்வுகள், விசயன் தொகுதியின் மூலப்பொருள் 100 கோடி முதல் 200 கோடி ஆண்டுப் பழமையும், உயர்நிலத் தொகுதியின் மூலப்பொருள் 200 கோடி முதல் 300 கோடி ஆண்டுப் பழமையும் உடையன என்பதைப் புலப்படுத்தின. கொண்டுவானாப் பெருநிலம் ஒன்றுசேர்ந்த காலத்தில், அதாவது இற்றைக்கு 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இவை பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் அகப்பட்டு உருமாறின. மாணிக்கமும் நீலமும் காணற்றும் பிறத்தற்கேற்ற உலைக்களம் அதுவே.

மேலே கூறிய சாணோக்கைற்று என்னும் பெயர்க்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவிலே ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய யோப் சாணொக்கு என்பாரின் கல்லறையில் கருநீலச் சாயலுடைய கல்லொன்று பதிக்கப்பட்டிருந்தது. கங்கைச் சமவெளியில் அத்தகைய கல் இல்லை. இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சார்ந்த ஒல்லண்டு என்னும் அறிஞர், அது சென்னைக்கு அண்மையிலுள்ள பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையோடு ஒத்திருத்தலைக் கண்டு, 1893 இல் அப்பாறைவகைக்குச் சாணொக்கின் பெயரையே இட்டார். தமிழகத்துக் குன்றிற் பிறந்து வங்கத்தை அடைந்த கல்லுக்கு அதன் பிறப்பிடம் மீட்டுக் கொடுக்கப்பட்டது. அதே வகைப் பாறை ஈழத்து மலைநாட்டிலும் உளது. தென்னிந்தியாவும் ஈழமும் பண்டு ஒரே நிலத்தின் பகுதிகளாயிருந்தன என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஈழத்து மலைக்குக் குழுவாய்ச் சென்று, மணிகளைப் பற்றி இடக்குறிப்போடு எழுதிவைத்தோருள் மொறொக்கோ நாட்டு இபுனு பத்தூத்தா முதன்மையானவர். 1344 இல் இத்தீவுக்கு வந்த அவரை ஆரியச்சக்கரவர்த்தி வரவேற்று, சிவனொளிபாதமலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையும் நல்கினான். யோகியர் நால்வர், அந்தணர் மூவர், அரசனின் பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் அக்குழுவிற் சென்றனர் என்று அவரே கூறுகின்றார். தமிழ் மன்னன் ஒருவன் இசுலாமியப் பயணி ஒருவர்க்கு இந்து யோகியரை வழித்துணையாக்கிய அச்செய்தி, இன்றும் நினைந்து மகிழ்தற்குரியது. மாணிக்கம் தேடுவோர் நிலத்தை விலைக்கு வாங்கி அகழ்வர் என்றும், நூறு பணத்துக்கு மேற்பட்ட பெறுமதியுடைய மணியை அரசன் விலைகொடுத்து எடுத்துக்கொள்வான் என்றும் அவர் எழுதினார். கல்லின் அழகோடு நில்லாமல், அது கிடைத்த முறையையும் அதனைச் சார்ந்த வழக்கையும் அவர் பதிந்துவைத்தமையால் அக்குறிப்பு வரலாற்றுச் சான்றாயிற்று.

தற்கால முறைப்படி ஈழத்துக் கனிப்பொருள்களைத் தேடியோருள் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி தலைசிறந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய் 1877 இற் கொழும்பிலே பிறந்த அவரை இந்தியக் கலையின் உரையாசிரியராகவே பலர் அறிவர். அவர் முதலிற் கற்றது புவிச்சரிதவியலும் தாவரவியலுமாம். 1902 இலே கண்டிப் பகுதியில் அம்பக்கோட்டைக்கு அணித்தான கங்கபிட்டியவிலே, சுண்ணக்கல்லும் வேறு பாறையும் சந்திக்கும் இடத்தில், நீலநிற மணிகளை அவர் கண்டார். பிரித்தானிய அரும்பொருட்சாலையைச் சார்ந்த பிரையர் என்பாருடன் ஆராய்ந்து, அது போரன் அடங்கிய புதிய கனிப்பொருளென 1903 இல் வெளியிட்டார். அராபியர் இத்தீவுக்கு வழங்கிய செரண்டிப் என்னும் பெயரால் அது செரண்டிபைற்று எனப்பட்டது. கண்ட இடமும் அடுத்துக் கிடந்த பாறைகளும் தெளிவாகக் குறிக்கப்பட்டமையால், அது எவ்வாறு உண்டாயிற்று என்பதைப் பிற்காலத்தார் ஆராய இயன்றது.

1903 இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களம் தொடங்கப்பட்டபோது குமாரசுவாமி அதன் முதற் பணிப்பாளரானார். 1904 இலே சப்பிரகமுவையிற் பலாங்கொடைப் பகுதியின் மணிச்சரளையிலிருந்து கரிய, சதுரத் தாயக்கட்டை போன்ற சிறு மணிகள் அவர் ஆய்வுக்கு வந்தன. நீரினும் ஒன்பது மடங்கு பாரமான அவை மணி வணிகர்க்குப் பயன்படாதவை. அவற்றை யுரேனினைற்று என்றே குமாரசுவாமி முதலிற் கருதினார். இலண்டனிலே தன்ஸ்ரன் என்பார் பகுத்துப் பார்த்தபோது, அவற்றின் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டே எனத் தெரிந்தது. தோரியனைற்று என்னும் புதுப்பெயர் பிறந்தது. வாயுவிளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் வேண்டப்பட்ட காலமாதலின் அதற்கு விலையும் உயர்ந்தது. விலையினும் உயர்ந்தது அதனால் விளைந்த அறிவு. இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்திற் பயின்ற ஒற்றோ ஆன் என்னும் செருமானிய இளைஞர், ஈழத்துத் தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளில் 1905 இல் இரேடியோதோரியத்தைக் கண்டார். பின்னாளில் அணுப்பிளவைக் கண்டு 1944 ஆம் ஆண்டுக்குரிய நோபெற் பரிசு பெற்றவர் இவரே. இக்கனியில் அடைபட்டிருந்த ஈலியத்தை அளந்து கல்லின் வயதைக் கணிக்க ஸ்ரற்று என்னும் அறிஞர் முயன்றார். பூமியின் வயதை அறியும் முயற்சியில் அது தொடக்கப்படிகளுள் ஒன்றாயிற்று.

இவற்றுக்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1945 இலே தப்பிளின் நகரத்தில் தாஃப் பிரபு, நகை வணிகரிடம் வாங்கிய பழைய மணிகளிடையே ஊதாச்சாயலுடைய கல்லொன்றைக் கண்டார். பார்வைக்கு அது ஸ்பைனல் போன்றது. ஆயின் ஒளியை இரண்டாய் முறித்தது. ஆராய்ச்சியின் முடிவில் அது முற்றிலும் புதிய கனிப்பொருள் என 1951 இல் அறிவிக்கப்பட்டுத் தாஃபைற்று எனப் பெயர்பெற்றது. பட்டை தீட்டிய மணியிலிருந்தே முதன்முதல் இனங்காணப்பட்ட கனிப்பொருள் அது. எந்நாட்டு மண்ணிற் பிறந்தது என்று சொல்ல அப்போது எவராலும் இயலவில்லை. அதே வகைக் கற்கள் ஈழத்துச் சரளைகளிற் கிடைத்த பின்னரே அதன் தாயகம் புலனாயிற்று.

பெயர் பிழைத்தாலும் கல்லைப் பேணிவைத்தால் பிழை திருந்தும் என்பதற்குச் சிங்களைற்று சான்று. கபிலநிறப் பெரிடொற்று என்ற பெயரோடு நெடுங்காலம் பேழைகளிற் கிடந்த ஈழத்துக் கற்களை, 1952 இலே கிளாறிங்புல், ஏய் என்னும் இருவர் ஊடுகதிரால் ஆராய்ந்து, அவை மகனீசியமும் அலுமினியமும் போரனும் சேர்ந்த வேறொரு பொருள் என நிறுவினர். எகலியகொடையிலிருந்து 1953 இல் ஏகநாயக்கா என்பார் கண்டெடுத்த பச்சைக்கல் 1961 இலே ஏக்கனைற்று என அவர் பெயரையே பெற்றது. கல்லினங்களுட் சில ஈழத்தவர் கண்ணாலேயே உலகறிவுக்கு எட்டின என்பது மாணவர்க்கு ஊக்கமளிப்பதாகும்.

மலைக்குச் செல்லுங் குழுவுக்கு வேண்டிய கருவிகள் அரியனவல்ல. இடப்படம், சுத்தியல், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை, காந்தம், மெருகிடாத வெண்மட்பாண்ட ஓடு, குறிப்பேடு, பழைய செய்தித்தாள் ஆகியன போதும். வன்மையை அறிய, 1812 இல் மோசு வகுத்த ஒன்று முதற் பத்து வரையான அளவை உதவும். கைந்நகத்தின் வன்மை இரண்டரை, கண்ணாடியின் வன்மை ஐந்தரை அளவினது. கண்ணாடியைக் கீறும் வெண்கல் படிகமாகலாம். கீறாதது சலவைக்கல்லின் கூறான கல்சைற்றாகலாம். ஓட்டில் உரைத்தால் தோன்றும் பொடியின் நிறமும், கையில் ஏந்தும்போது உணரும் பாரமும் மேலும் துணைசெய்யும். ஒருவர் கல்லைப் பெயர்க்க, ஒருவர் எண்ணிட, ஒருவர் ஏட்டில் எழுத, ஒருவர் பாறையின் அமைப்பை வரைதல் நன்று. கல்லின் மீதுள்ள எண்ணும் ஏட்டிலுள்ள எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும். பிற்பாடு நினைவிலிருந்து எழுதுவோம் என விடுத்த குறிப்பு பெரும்பாலும் எழுதப்படுவதேயில்லை.

எடுக்கலாகாதனவும் உள. 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டமும், 1993 ஆம் ஆண்டின் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபைச் சட்டமும் அகழ்தலுக்கு அனுமதிப்பத்திரத்தை வேண்டுகின்றன. சிவனொளிபாதமலைக் காடும், கோட்டன் சமவெளியும், நக்கிள்சு மலைத்தொடரும் 2010 இலே உலக மரபுரிமையாய் ஏற்கப்பட்டன. அங்கே கண்ணாற் காணலும் ஏட்டில் எழுதலுமே தகும். தோரியனைற்று, ஏக்கனைற்று போன்றவை கதிர்வீசுவனவாதலின் மாணவர் அவற்றைப் பையிலும் பெட்டியிலும் வைத்திருத்தல் ஆகாது. வீதியோரம் உடைந்து வீழ்ந்த துண்டும், கல்லுடைக்கும் இடத்தில் உரியவரின் இசைவோடு பெற்ற துண்டுமே கல்விக்குப் போதியன.

குமாரசுவாமி மலைநாட்டில் அலைந்த ஆண்டுகளிற் பாறைகளோடு மட்டும் நின்றாரல்லர். கல்லையும் உலோகத்தையும் மரத்தையும் உருவாக்கிய கைவினைஞரின் தொழிலையும் உற்றுநோக்கினார். அதன் பயனாக 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. அதற்கு வேண்டிய நிழற்படங்களை அவர் துணைவியார் எதெல் எடுத்தார். பாறையை நோக்கப் பழகிய கண்ணே கலையையும் நோக்கிற்று. மலைப்பயணத்தால் மாணவர் பெறும் பேறும் இத்தகைய நோக்கும் பயிற்சியே.

கல்லூரியொன்றில் கனிப்பொருட் பேழை அமைப்போர் விலையுயர்ந்த மணிகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. முதற்றட்டில் ஊர்க்கரையின் கருமணல், அடுத்ததில் அம்பாறைக் குன்றின் நைசு, அதற்கு மேல் மலைநாட்டின் சலவைக்கல்லும் சாணோக்கைற்றும் என வழிமுறையே அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் எழுதிவைத்தால், அப்பேழையே கீழ்கரையிலிருந்து மலைமுடி வரையான நிலத்தின் வரலாற்று நூலாகும். இடம் எழுதப்பட்ட ஒரு பிடி மணல், இடம் அறியப்படாத நீலமணியினும் கல்விக்கு மிக்க பயன் தருவதாகும்.